கிடங்கில் தெரியும் பூண்டு அழுகல் எங்கே தொடங்குகிறது?

2024 செப்டம்பரில் பூண்டு அடுத்தடுத்துச் செய்தியில் அடிபட்டது. குஜராத்தின் கோண்டல் மண்டிக்குச் சீனப் பூண்டு மூட்டைகள் வந்துவிட்டன என்று வியாபாரிகள் போராடினார்கள். தடை செய்யப்பட்ட பூண்டு சந்தையில் எப்படிக் கிடைக்கிறது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு அதிகாரிகளிடம் கேட்டது. சீனப் பூண்டு இறக்குமதிக்கு இந்தியாவில் 2014 முதல் தடை இருக்கிறது. அதனுடன் பூஞ்சை நோய் வந்துவிடும் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டுக் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூண்டை உரித்துப் பார்த்து, உள்ளே கறுப்புப் பொடியோ பழுப்புப் பள்ளமோ தெரிந்தவர்கள் 'இதுதான் அந்தச் சீனப் பூண்டா?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பெரும்பாலும் இல்லை. பூண்டை அழுகவைக்கும் முக்கியமான பூஞ்சைகள் பூண்டு விளையும் நாடுகள் பலவற்றிலும் உண்டு, நம் நாட்டு வயல்களிலும் உண்டு. எல்லைத் தடை புதிய நோய்களையும் புதிய நோய்க்கிருமி வகைகளையும் தடுக்க உதவும். ஏற்கெனவே விதைப்பூண்டில் குடியிருப்பதை அது தொடாது. கிடங்கில் நாம் பார்க்கும் அழுகலின் பெரும்பகுதி கிடங்கில் பிறந்ததல்ல. விதையிலும் வயலிலும் அறுவடை நாளிலும் உள்ளே நுழைந்தது பிறகு வெளியே தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மூட்டை மீது மருந்து தெளிப்பது வீண்செலவு.

பூண்டின் அமைப்பும் மூன்று வாசல்களும்

பூண்டு ஒன்றின் அடியில், வேர்கள் முளைக்கும் தட்டையான கெட்டிப் பகுதி இருக்கிறது. அதை அடித்தட்டு என்போம். அது உண்மையில் குறுகிப்போன தண்டு. பற்கள் எல்லாம் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் தனித் தோல், அதற்குள் சதை, சதையின் நடுவே முளைக்குருத்து. எல்லாப் பற்களையும் சேர்த்து மூடியிருப்பவை காய்ந்த இலைகளின் அடிப்பகுதிகள். அவை மேலே ஒன்றுகூடும் இடம் கழுத்து.

அறுவடைக்குப் பிறகும் பூண்டுக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சுவிடுகிறது, வெப்பத்தையும் நீராவியையும் வெளியிடுகிறது. பல்லின் சதையில் சுமார் 60 விழுக்காடு நீர். அந்த நீரைப் பூஞ்சை எட்டுவதற்கு மூன்று வாசல்கள் உள்ளன: அடித்தட்டு, கழுத்து, காயம்.

பூண்டே கிருமிகளைக் கொல்லும் என்கிறார்களே, அது எப்படி அழுகும் என்ற கேள்வி நியாயமானது. பூண்டின் காரத்துக்கும் வாசனைக்கும் காரணமான அல்லிசின், முழுப் பல்லில் ஆயத்தமாக இருப்பதில்லை. அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் செல்லின் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கினாலோ வெட்டினாலோதான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. உண்டானதும் வெகுகாலம் நிலைப்பதில்லை. ஆகவே முழுப் பல்லுக்குள் மெல்ல நுழையும் பூஞ்சைக்கு அந்தக் காவல் முழுத்தடை ஆவதில்லை. பூண்டையே நம்பி வாழப் பழகிய பூஞ்சைகளும் இருக்கின்றன.

எந்தப் பூஞ்சை, எப்படித் தெரியும்?

1. ஃபியூசேரியம். சேமிப்பில் அதிக இழப்பைத் தருவதும், கண்டுபிடிக்க மிகக் கடினமானதும் இதுதான். இதில் இரண்டு இனங்களைப் பிரித்தறிய வேண்டும். ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் வயலிலேயே அடித்தட்டை அழுக வைக்கும். இலை நுனி மஞ்சளாகி, செடி இழுத்ததும் வேரில்லாமல் வந்துவிடும். அதனால் அதை வயலிலேயே ஒதுக்கிவிடலாம். ஃபியூசேரியம் புரோலிஃபெராட்டம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அறுவடை நாளில் பூண்டு வெள்ளையாக, கெட்டியாக, முதல் தரமாகவே இருக்கும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, மூட்டையைப் பிரித்தால் ஒன்றிரண்டு பற்கள் கனமிழந்து, அழுத்தினால் உள்வாங்கும். உரித்தால் பழுப்பு நிறப் பள்ளம், பள்ளத்துக்குள் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த பஞ்சு போன்ற வளர்ச்சி. நீர் ஒழுகாது, நாற்றமும் அதிகம் இருக்காது. அதனால்தான் இதற்கு உலர் அழுகல் என்று பெயர்.

ஜெர்மனி, அமெரிக்கா, ஸ்பெயின் என்று பல நாடுகளில் 2000க்குப் பிறகு இந்த இனம் பூண்டில் பதிவானது. ஸ்பெயினில் இன்று பூண்டுச் சேமிப்பின் தலையாய சிக்கல்களில் ஒன்று இது. இந்தியாவில் 2012இல் பூண்டுப் பற்களில் இது அழுகலை உண்டாக்குவது பதிவு செய்யப்பட்டது. இந்தப் பூஞ்சை மக்காச்சோளத்திலும் வாழும். எனவே பூண்டுக்குப் பின் மக்காச்சோளம் போட்டுப் பயிர்சுழற்சி செய்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது.

2. பெனிசிலியம். நீலப்பச்சைப் பொடி. பூண்டில் இதன் முக்கிய இனம் பெனிசிலியம் அல்லி. முதலில் சதையில் வெளிறிய மெத்தென்ற புள்ளி, பிறகு அதன் மேல் நீலப்பச்சை. இது மண்ணில் நெடுநாள் பிழைப்பதில்லை. ஒரு பருவத்திலிருந்து மறுபருவத்துக்கு இது பயணம் செய்வது நாம் எடுத்துவைக்கும் விதைப்பூண்டில்தான். விதைக்காகப் பூண்டை உடைக்கும்போது, கெட்ட ஒரு பூண்டிலிருந்து பொடி பறந்து, அப்போதுதான் பிரிந்த நல்ல பற்களின் காயத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

3. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். தோலுக்கும் தோலுக்கும் இடையே கறுப்புப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும். இது வெயில் பூஞ்சை. 28 முதல் 34 டிகிரி வெப்பத்தில் செழிக்கும், 13 டிகிரிக்குக் கீழே அநேகமாக அடங்கிவிடும். பூண்டின் மேல் ஈரம் சுமார் 6 மணி நேரம் நின்றால் போதும், பிடித்துக்கொள்ளும். சமவெளி நகரங்களின் தகரக்கூரைக் கிடங்குகளிலும் சமையலறையின் மூடிய டப்பாக்களிலும் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

4. போட்ரைடிஸ். கழுத்து வழியாக இறங்கும். அறுவடை நேரத்தில் மழையோ பனிமூட்டமோ இருந்து, கழுத்து காயாமலே வெட்டிவிட்டால் வரும். கழுத்து நீர் ஊறியதுபோல மென்மையாகி, சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, பின்னர் கறுத்த கெட்டிக் கட்டிகள் தோன்றும். குளிர்ந்த இடம் இதற்குப் பிடிக்கும். எனவே ஈரக் கழுத்தோடு குளிர்பதனக் கிடங்குக்குள் போன பூண்டை அங்குள்ள குளிர் காப்பாற்றாது.

5. வெண்ணழுகல். ஸ்க்லெரோஷியம் செபிவோரம் என்ற பூஞ்சையால் வருவது. அடிப்படையில் வயல் நோய், ஈரம் இருந்தால் கிடங்கிலும் தொடரும். அடித்தட்டில் வெள்ளைப் பஞ்சும், அதில் கசகசாவைவிடப் பெரிதாகாத கறுப்பு மணிகளும் இருந்தால் இதுதான். அந்த மணிகள் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உறங்கிக் கிடக்கும். பூண்டு அல்லது வெங்காய வேரின் கசிவு பட்டால்தான் விழிக்கும். மண்வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் நோய் தளர்ந்துவிடும் என்பதால் சமவெளியைவிடக் குளிர்ந்த மலைப்பகுதிகள்தான் இதற்கு அஞ்ச வேண்டும். நான்கு ஆண்டு பயிர்சுழற்சி இதற்குப் போதாது. மண் ஒட்டிய செருப்பு, மண்வெட்டி, கலப்பை, பாசன நீர் வழியாக அடுத்த வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

மேல்தோலில் மட்டும் கரி பூசியதுபோல் திட்டுகள் இருந்து, உரித்தால் பல் பழுதில்லாமல் இருக்குமானால் அது பெரும்பாலும் எம்பெலிசியா என்ற தோல்பூஞ்சை. விலை குறையும், பூண்டு கெடாது.

அழுகல் போலத் தோன்றும் வேறு சில

பல் மஞ்சள் மெழுகுபோல் ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறி, பிசுபிசுத்து, பிறகு சுருங்கினால் அதில் பூஞ்சைக்குப் பங்கில்லை. அறுவடை ஒட்டிய கடும் வெயிலும், சேமிப்பில் காற்றோட்டமின்மையும் உண்டாக்கும் உடலியல் குறைபாடு அது. தார்ப்பாய் போட்டு இறுக மூடிய குவியலில் இதை அதிகம் காணலாம்.

பல் நிறம் மாறாமல் வற்றிச் சப்பையானால் பூண்டுச் சிலந்தி என்ற நுண்ணிய பேனைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் வெள்ளைக் கோடு போலத் தெரியும். ஊறுகாய் போட்ட பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறுவது கந்தகச் சேர்மங்களின் வேதிவினை. நிறம் பார்த்துப் பயந்து அந்த ஜாடியைக் கொட்ட வேண்டியதில்லை.

நோய் பயணம் செய்யும் வழி

மலைப்பூண்டை எடுத்துக்கொண்டால் இந்தப் பயணம் தெளிவாகப் புரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி போன்ற ஊர்களில் மே வாக்கில் ஒரு நடவும் நவம்பர் வாக்கில் மற்றொன்றும் நடக்கின்றன. அங்கிருந்து பெரியகுளத்தை அடுத்த வடுகப்பட்டிச் சந்தைக்குப் பூண்டு இறங்குகிறது. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிறது.

1. நோய் உள்ள பல் நடப்படுகிறது. ஹெக்டேருக்கு 500 கிலோ விதைப்பூண்டு, பல் ஒன்று சராசரி 2.5 கிராம் என்று கொண்டால் 2 லட்சம் பற்கள். நூற்றுக்கு இரண்டில் பூஞ்சை இருந்தாலும் 4,000 செடிகள் நோயோடு முளைக்கின்றன.

2. அடித்தட்டில் இருக்கும் பூஞ்சை புதிதாக உருவாகும் பற்களின் அடிக்கு நகர்கிறது. செடி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

3. மே நடவு மழைக்காலத்தை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. மண் ஈரம், பனிமூட்டம், காயாத கழுத்து. போட்ரைடிஸுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

4. மண்வெட்டி வெட்டு, மண் உதிர்வதற்காகப் பூண்டைத் தட்டுவது, மூட்டையை வீசுவது. ஒவ்வொரு காயமும் பெனிசிலியத்துக்கு ஓர் இடம்.

5. மலையில் 15 டிகிரியில் இருந்த பூண்டு ஒரே நாளில் 35 டிகிரிச் சமவெளிக்கு வருகிறது. அடங்கிக் கிடந்த ஃபியூசேரியம் 25 முதல் 30 டிகிரியில் வேகம் பிடிக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸும் சேர்ந்துகொள்கிறது.

மூட்டை கெட்டுப்போனதும் வியாபாரி விவசாயியைக் குறை சொல்வார், விவசாயி கிடங்கைக் குறை சொல்வார். பூஞ்சை உள்ளே வந்தது முதல் நான்கு படிகளில், வெளியே தெரிந்தது ஐந்தாவதில்.

விதையில் செய்ய வேண்டியவை

மண்டியில் சாப்பாட்டுக்கு விற்கும் பூண்டில் மலிவானதை விதைக்கு வாங்குவது மிகப் பெரிய தவறு. விதைக்கான பூண்டை வயலில் நிற்கும்போதே குறித்துவைக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்த செடிகள் உள்ள பகுதியை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். மலையில் வறண்ட மாதங்களில் அறுவடையாவதை விதைக்கு எடுப்பதே மேல். அதற்குக் கழுத்து காய்ந்திருக்கும், அடுத்த நடவுக்கு நெடுநாள் காக்கவும் வேண்டியதில்லை.

விதைக்குவியலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் சேர்த்து 50 பூண்டு எடுங்கள். அடித்தட்டைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். நல்ல அடித்தட்டு வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். பழுப்போ இளஞ்சிவப்போ ஓடியிருந்தால் நோய். பிறகு பற்களை உரித்துப் புள்ளிகளை எண்ணுங்கள். 50இல் இரண்டு மூன்றுக்கு மேல் தென்பட்டால் அந்தக் குவியலைச் சமையலுக்கு விற்றுவிடுவது நல்லது.

பூண்டை உடைப்பது நடவுக்கு முந்தைய நாளோ அதே நாளோ இருக்கட்டும். உடைத்த பற்களை ஒரு வாரம் சாக்கில் போட்டு வைப்பது பெனிசிலியத்தை வளர்ப்பதற்குச் சமம். நீலப்பொடி தெரியும் பூண்டை உடைக்காமலே ஒதுக்குங்கள். உடைக்கும் இடமும் சேமிப்பு இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது.

விதைநேர்த்திக்கு, நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் பயன்படுத்தலாம். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியுடன் அதை ஒரே நாளில் கலந்தால் உயிர்ப்பூஞ்சை செத்துவிடும். பூஞ்சைக்கொல்லி நேர்த்தி பல்லின் மேற்பரப்பில் இருப்பதைக் குறைக்கும், அடித்தட்டின் உள்ளே புகுந்துவிட்ட ஃபியூசேரியத்தை எட்டுவது கடினம். நூற்புழுவுக்கும் சிலந்திக்கும் 49 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கும் முறை உண்டு. சூடு அதைத் தாண்டினால் பல்லின் முளைப்புத் திறன் கெடக்கூடும். நல்ல வெப்பமானி இல்லாமல் இதை முயல வேண்டாம்.

அறுவடையும் உலர்த்தலும்

சேமிப்பின் வெற்றியில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

1. இலைகள் மஞ்சளாகிச் சாயத் தொடங்குவதற்கு முன்பே, அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பாசனத்தை நிறுத்துங்கள். ஈர மண்ணிலிருந்து எடுத்த பூண்டின் மேல்தோல் கறைபட்டுக் கிழியும். கிழிந்த தோல் பூஞ்சைக்கு வழிவிடும்.

2. மிகத் தாமதித்தாலும் தவறு. வெளித்தோல்கள் மண்ணிலேயே மக்கி, பற்கள் வாய்பிளந்து நிற்கும்.

3. பக்கவாட்டில் மண்ணைத் தளர்த்தி எடுங்கள். மண்ணைக் கையால் உதறுங்கள். பூண்டோடு பூண்டு மோதவிடாதீர்கள், நீரில் கழுவவே கூடாது.

4. தாளை வெட்டாமல் நிழலில் உலர்த்துங்கள். கத்தைகளாகக் கட்டித் தொங்கவிடலாம், அல்லது கம்பிவலைத் தட்டுகளில் ஓரடிக்கு மிகாத உயரத்தில் பரப்பலாம். சாதாரணமாக இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும்.

5. உலர்ந்துவிட்டதா என்று அறிய: வேர் ஒடியும், மேல்தோல் சலசலக்கும், கழுத்தைக் குறுக்கே வெட்டினால் ஈரம் கசியாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அதன் பிறகே கழுத்தில் 2 முதல் 2.5 செ.மீ. விட்டுத் தாளை வெட்டுங்கள், வேரைக் கத்தரியுங்கள்.

மலையில் பனிமூட்டம் நிற்கும் வாரங்களில் காற்றின் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும். அப்போது எத்தனை வாரம் தொங்கவிட்டாலும் கழுத்து காயாது. மலைவீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள பரணில் பூண்டுக் கத்தைகளைக் கட்டி, புகையும் சூடும் படவிடும் வழக்கத்தின் பயன் இதுதான். சூடான காற்று ஈரப்பதத்தைக் குறைக்கிறது, புகை மேல்தோலின் பூஞ்சையை அடக்குகிறது. அளவு பெரிதானால் அதே வேலையை மின்விசிறியும் 30 முதல் 35 டிகிரிச் சூடான காற்றும் செய்யும். 40 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், பற்கள் மெழுகாகிவிடும்.

சேமிப்பில் வெப்பமும் ஈரமும்

பூண்டைக் காக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் நடுவில் போனால் சிக்கல். ஒன்று, 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 60 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும். இதில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும். மற்றொன்று, 20 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 75க்குள், நல்ல காற்றோட்டம். இதில் ஒன்றிரண்டு மாதம். இடைப்பட்ட 5 முதல் 18 டிகிரியில் பூண்டு வேகமாக முளைவிடும். முளைவிட்ட பல் மென்மையாகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு சரியாக இந்த இடைப்பட்ட நிலையின் ஓரத்தில், ஈரத்தோடு இருக்கிறது. முழுப் பூண்டை அங்கே வைக்காதீர்கள்.

சாதாரணக் கிடங்கில் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்த, இடைவெளி விட்ட மரச்சட்டத் தளம் போடுங்கள். கோணிச்சாக்கைவிட வலைப்பை நல்லது. அடுக்கின் உயரம் நாலைந்து அடிக்குள் இருந்தால் அடியில் உள்ளது நசுங்காது, நடுவில் சூடு கட்டாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அடுக்கின் நடுவே தொங்கவிடுங்கள். இரவில் வெளிக்காற்று ஈரமாக இருந்தால் சன்னலை மூடி, வறண்ட பகலில் திறக்க வேண்டும். எப்போதும் திறந்துவைப்பதைக் காற்றோட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மழைநாளில் அது கிடங்குக்குள் ஈரத்தை அழைத்துவருகிறது.

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே எடுக்கும் நாள் மிகவும் ஆபத்தானது. 0 டிகிரியில் இருந்த மூட்டையை 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மண்டியில் இறக்கினால், தோலின் மேல் நீர் வியர்க்கும். ஆஸ்பெர்ஜில்லஸுக்குத் தேவையான அந்த 6 மணி நேர ஈரம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. வெப்பத்தை ஓரிரு நாளில் படிப்படியாக ஏற்றி, விசிறிக் காற்றில் வைத்து, வியர்வை உலர்ந்த பிறகே லாரியில் ஏற்ற வேண்டும். குளிரில் இருந்து வந்தது சில வாரங்களிலேயே முளைக்கத் தொடங்கும் என்பதால் உடனே விற்றுவிட வேண்டும்.

சாப்பிடலாமா?

மேல்தோலில் மட்டும் லேசான கறுப்பு, பல் கெட்டியாக வெள்ளையாக இருந்தால், தோலை நீக்கிக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பொடியை முகத்தருகே ஊதி உரிக்க வேண்டாம். பல்லின் சதையில் பழுப்புப் பள்ளமோ, நீலமோ, கறுப்போ இருந்தால் அந்தப் பல்லை முழுதாக எறிந்துவிடுங்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி மீதியைப் போடுவது வழக்கம் என்றாலும் நான் அதைச் சொல்லமாட்டேன். ஃபியூசேரியம் புரோலிஃபெராட்டம் ஃபியூமோனிசின் என்ற நச்சை உண்டாக்கக்கூடியது. அந்த வகையைச் சேர்ந்த பி1 நச்சை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சாதாரணச் சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. ஒரு பல்லை எப்போதோ தெரியாமல் சாப்பிட்டதற்காகக் கலங்கத் தேவையில்லை. கவலைக்குரியது உரித்த பூண்டும் பூண்டு விழுதும்தான். அரைத்த பிறகு எந்தப் பல் கெட்டிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கழித்ததை என்ன செய்வது?

தரம் பிரித்து ஒதுக்கிய சொத்தைப் பூண்டை, மறுபடி பூண்டோ வெங்காயமோ நடப்போகும் வயலில் கொட்டக் கூடாது. வீட்டு எருக்குழியின் சூடு வெண்ணழுகல் மணிகளைக் கொல்லும் என்று நம்பவும் முடியாது. எரிப்பது அல்லது வயலுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில் ஆழக் குழிதோண்டிப் புதைப்பது நல்லது. வலைப்பைகளைச் சோப்புநீரில் அலசி, கடும் வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பருவத்துக்கு எடுங்கள். கிடங்கின் தரையைப் பெருக்கி, உதிர்ந்த தோல்களை அகற்றிய பின் புதுப்பூண்டை இறக்குங்கள். போன ஆண்டு மிச்சம் இருந்தால் அதைத் தனி அறைக்கு மாற்றிவிடுங்கள்.